தந்திக்குத் தைத்த சட்டை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது செயற்கை நுண்ணறிவும் சட்டமும் பற்றி. "சார், இப்போ எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. நீங்க ஃபிசிக்ஸும் படிச்சவர், வக்கீலும்கூட. ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார்கள். நாளை வரப்போவதைப் பற்றி எழுத ஜோசியர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நடந்து முடிந்தது. இக்கல்லூரியில் 1971-74 இயற்பியல் வகுப்பில் இருந்து, சட்டக் கல்லூரி வழியாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். மின்சாரமும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழைய சட்டத்தின் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. அது 1885ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், இந்தியத் தந்திச் சட்டம். அதன் கதையைச் சொல்கிறேன். புதிய கருவி ஒன்று வரும்போது சட்டம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்தக் கதையிலேயே பாதி விடை இருக்கிறது.

தந்தி என்றால் இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு நாளிதழின் பெயர். எங்கள் தலைமுறைக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும். தந்திச் சேவகரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால், எந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறதோ என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். நல்ல சேதியும் வரும்தான். வேலை கிடைத்த தந்தியும் உண்டு. ஆனாலும் அழுது முடித்த பிறகே பிரித்துப் படிக்கும் வீடுகள் இருந்தன. அந்தச் சேவை 2013 ஜூலை 14ஆம் தேதியோடு நின்றது. சேவைதான் நின்றது. தந்திக்காக எழுதிய சட்டம் அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் திடமாக நடமாடியது. உங்கள் செல்போன் முதல் இன்டர்நெட் வரை எல்லாம் அதன் கைப்பிடிக்குள்தான் இருந்தன. எப்படி என்பதுதான் வேடிக்கை.

நம் நாட்டில் தந்திக்கு வழி போட்டவர் வில்லியம் ஓஷாக்னஸி என்ற மருத்துவர். 1839இல் கல்கத்தா அருகே கம்பி கட்டிச் சோதித்துப் பார்த்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் பாதை வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சென்னை, பம்பாய், ஆக்ரா எல்லாம் இணைந்தன. முதல் தந்திச் சட்டம் 1854இலேயே வந்துவிட்டது. அப்புறம் 1857 கிளர்ச்சி. கம்பி யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்பதை ஆங்கிலேய அரசு அந்த ஆண்டில் நேரில் கண்டது. 1860, 1876 என்று சட்டத்தைத் திருத்தி எழுதி, கடைசியில் 1885இல் நிலைநிறுத்தினார்கள்.

அந்தச் சட்டத்தின் உயிர் இரண்டு பிரிவுகளில் இருந்தது. நாலாம் பிரிவின்படி, தந்தி அமைக்கவும் நடத்தவும் அரசுக்கே தனியுரிமை. வேறு யாருக்காவது ஆசை இருந்தால் அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐந்தாம் பிரிவின்படி, பொது நெருக்கடி வந்தாலோ பொதுமக்கள் பாதுகாப்புக்கு வேண்டியிருந்தாலோ, அரசு தந்தியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம், செய்தியை நிறுத்தலாம், இடைமறித்துப் படிக்கலாம். அனுப்பியவருக்கு என்ன உரிமை என்று தேடிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய வெற்றுத் தாள்தான். 1857ஐ மனதில் வைத்து ஓர் அந்நிய அரசு எழுதிய சட்டம் வேறு எப்படி இருக்கும்!

இனி, தந்திக்குத் தைத்த இந்தச் சட்டையை மற்றவர்களுக்கு மாட்டிவிட்ட கதைக்கு வருவோம். அதற்குக் கொஞ்சம் லண்டன் போய் வர வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. 1869இல் தந்தி நடத்தும் தனியுரிமையை அங்கே தபால் துறைக்குக் கொடுத்திருந்தார்கள். கிரகாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமை 1876இல்தான் வந்தது. எடிசனின் பெயரைத் தாங்கிய ஒரு டெலிபோன் கம்பெனி லண்டனில் கடை விரித்தவுடன், "இதுவும் தந்திதான், லைசென்ஸ் எடு" என்று அரசு வழக்குப் போட்டது. கம்பெனியின் பதில் நியாயமாகத்தான் படுகிறது: "தந்தி என்பது குறியீடு. எங்கள் கருவி மனிதக் குரலையே கொண்டு போகிறது. சட்டம் எழுதும்போது டெலிபோன் என்ற பொருளே உலகத்தில் இல்லையே, எப்படி அதைச் சட்டம் கட்டுப்படுத்தும்?" 1880 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மின்சாரத்தால் கம்பி வழியே சேதி போகிறதா, போகிறது. ஆகவே டெலிபோனும் தந்திதான். சட்டம் எழுதியபோது அது இல்லை என்பது ஒரு பொருட்டே அல்ல என்றது நீதிமன்றம். கம்பெனிகள் தபால் துறைக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். சட்டம் படித்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆம், 1869 முதல் 1872 வரை வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்து, நம்முடைய 1872 சாட்சியச் சட்டத்தை வரைந்த அதே ஸ்டீஃபன்தான்! இந்தியாவில் 1881-82இலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களுக்கும் ஒரு தனியார் கம்பெனி டெலிபோன் கொண்டுவந்திருந்தது; சென்னையில் எர்ரபாலு செட்டித் தெருவில் எக்ஸ்சேஞ்ச். அதனால் 1885இல் இங்கே சட்டம் எழுதியவர்கள், தந்தி என்பதற்கான வரையறைக்குள் டெலிபோன் வழிச் செய்தியையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். லண்டனில் நீதிபதி இழுத்துப் பொருத்தியதை இங்கே முன்கூட்டியே தையலில் சேர்த்தாயிற்று.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புதிய கருவி வரும்போது சட்டம் முதலில் செய்யும் காரியம் இதுதான். புதிய சட்டம் எழுதுவதில்லை. பழைய சொல் ஒன்றைத் தேடி அதற்குள் புதிய கருவியை உட்கார வைக்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டீர்களே, அங்கேயும் இதே வேலைதான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'இடைநிலையாளர்' என்று ஒரு சொல் உண்டு. பிறருக்காகத் தகவலை வாங்கி, வைத்து, அனுப்பிக் கொடுப்பவர் என்று பொருள். தானே பதில் எழுதித் தரும் இயந்திரத்தை நடத்துபவர் அந்தச் சொல்லுக்குள் அடங்குவாரா என்று வாதம் நடக்கிறது. ஸ்டீஃபன் துரை இருந்தால் சிரித்திருப்பார்.

அடுத்து வந்தது கம்பியே இல்லாத தந்தி.

சென்னைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியில் 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவாகி அவ்வாண்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. 1927இல் கிளப்பால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. குப்பை அள்ளும் கார்ப்பரேஷன் வானொலியும் நடத்தியது என்றால் இன்று யாராவது நம்புவார்களா? கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டுப் போட்டார்கள். 1938 ஜூனில் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வரும்வரை இது நடந்தது.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் ஒரு தனியார் ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது. ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கட்டுவார்கள், அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு என்று கணக்கு. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. கட்டத்தான் ஆள் இல்லை. சில ஆயிரம் பேருக்கு மேல் லைசென்ஸ் எடுக்கவில்லை. எடுக்காமலே கேட்டவர்கள் ஏராளம். 1930இல் கம்பெனி மூடியது, அரசு எடுத்துக்கொண்டது.

லைசென்ஸ் இல்லாதவர்களை ஏன் பிடிக்கவில்லை என்றால், பிடிக்க முடியவில்லை! தந்திச் சட்டத்தின்படி ஒருவர் கருவியை அமைத்தார், இயக்கினார் என்று காட்ட வேண்டும். பெட்டி வீட்டில் சும்மா இருப்பது குற்றமில்லை. "அது ஓடுறதே இல்லீங்க, அழகுக்கு வச்சிருக்கேன்" என்றால் அதிகாரி என்ன செய்வார்? இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1933இல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ரேடியோவை வைத்திருப்பதே குற்றம், முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம். அன்றைய 100 ரூபாய் என்ன மதிப்பு என்பதை வீட்டில் தாத்தா பாட்டியின் கதைகளில் இருந்து ஊகித்துக்கொள்ளுங்கள். ஓர் அரசு, பிரஜையின் காதுக்கு லைசென்ஸ் போட்ட சட்டம் இது.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி மாற்றி இரகசியமாக 'காங்கிரஸ் ரேடியோ' நடத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் நவம்பரில் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை. லைசென்ஸ் இல்லாத அலை என்றால் அரசுக்கு எவ்வளவு பயம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சுதந்திரம் வந்தது, லைசென்ஸ் போகவில்லை. எங்கள் ஹாஸ்டல் பொது அறையின் வால்வு ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் உண்டு. ஆண்டுக்கொரு முறை தபால் ஆபீசில் வரிசையில் நின்று பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் "இன்ஸ்பெக்டர் வர்றாராம்" என்று ஒரு குரல் கேட்டால் போதும், டிரான்சிஸ்டர்கள் நெல் குதிருக்குள் இறங்கிவிடும். இதில் இன்னொரு கூத்து. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அதன் நேரத்தை வெட்டினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கட்டணம் டெல்லிக்கு, காது கொழும்புக்கு! 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் ஹாஸ்டல் ரேடியோவின் முள் கொழும்பில்தான் துருப்பிடித்துப் போயிருந்தது. வீட்டு ரேடியோவுக்கும் டி.வி.க்கும் லைசென்ஸ் கட்டணம் ஒழிந்தது 1984-85இல்தான்.

இதற்கிடையே 1961இல் தந்தி என்ற சொல்லுக்குப் புதிய வரையறை எழுதினார்கள். குறி, எழுத்து, படம், ஒலி, எந்த வகைத் தகவலானாலும் சரி. கம்பி, ரேடியோ அலை, வேறு மின்காந்த வழி, எதுவானாலும் சரி. அனுப்பவோ பெறவோ பயன்படும் எந்தக் கருவியும் தந்தியே. இயற்பியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாக்ஸ்வெல் சமன்பாடுகளையே சட்டப் புத்தகத்துக்குள் இழுத்துவந்தது மாதிரி இருக்கிறது! செல்போனையும் இன்டர்நெட்டையும் யாரும் கனவுகூடக் காணாத காலத்தில் அவை இரண்டுக்கும் அப்போதே இடம் போட்டாயிற்று.

சட்டம் எப்போதும் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். அரசின் அதிகாரம் ஒரு நாளும் பின்தங்கியதில்லை. கருவி கடைக்கு வரும் முன்பே அதிகாரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பின்தங்கியது குடிமகனுக்கான பாதுகாப்பு மட்டும்தான். சொல்லை இழுத்தால் அதிகாரமும் கூடவே நீள்கிறது. பாதுகாப்பு அப்படித் தானாக நீள்வதில்லை, யாராவது கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது.

1990களில் இது வெட்டவெளிச்சமாகியது. வளைகுடாப் போருக்குப் பிறகு டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் மரத்துக்கு மரம் கேபிள் இழுத்தார்கள். அப்படி ஓர் இளைஞர் 1994இல் என்னிடம் வந்து, "சார், என் தொழிலுக்கு என்ன சட்டம்? போலீஸ்காரர் கேட்டா என்ன சொல்லணும்?" என்றார். அலமாரியில் இருந்து 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தேன். "என்ன சார், பாட்டன் காலத்துப் புத்தகத்தை எடுக்குறீங்க!" என்று சிரித்தார். சிரிக்க வேண்டியதில்லை, அதற்கு முந்தைய ஆண்டுதான் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கேபிள் டி.வி.யும் அந்தப் பாட்டன் சட்டத்துக்குள்தான் வருகிறது என்று சொல்லியிருந்தது. லைசென்ஸ் வேண்டும் என்றது சட்டம்; கேபிள்காரருக்கு லைசென்ஸ் கொடுக்க ஓர் ஏற்பாடும் கிடையாது. 1995இல் தனிச் சட்டம் வந்தபோது அவரைப் பதிவு செய்துகொள்ள அனுப்பிய இடம் எது தெரியுமா? தலைமைத் தபால் நிலையம்! தந்தியின் வாசனை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்ன.

அதே சமயம் டெல்லியில் பெரிய வழக்கு நடந்தது. 1993 நவம்பரில் ஹீரோ கோப்பை. தென் ஆப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 6 ரன் தேவைப்பட, டெண்டுல்கர் பந்தை வாங்கி 3 ரன் மட்டும் கொடுத்தாரே, அந்தப் போட்டித் தொடர்தான். போட்டியை நடத்திய வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றது. தந்திச் சட்டத்தின் நாலாம் பிரிவைக் காட்டி அரசுத் தரப்பு மறித்தது. கம்பெனியின் கருவிகளைச் சுங்கத் துறை பிடித்து வைத்தது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுகளோடுதான் ஆட்டம் திரைக்கு வந்தது. 1995 பிப்ரவரி 9ஆம் தேதி இறுதித் தீர்ப்பு. நீதிபதிகள் சாவந்த், ஜீவன் ரெட்டி, நம் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகன். அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல, தனியாரின் ஏகபோகமும் ஆகக்கூடாது என்றார்கள். இவ்வளவு பெரிய ஊடகத்துக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டம் சற்றும் போதாது என்பதையும் ஜீவன் ரெட்டி எழுதிவைத்தார்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது 1996 டிசம்பர் 18ஆம் தேதித் தீர்ப்பு. டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கு. எங்கள் காலத்து டிரங்க் கால் ஞாபகம் உள்ளவர்களுக்குத் தெரியும், "பேசிட்டீங்களா?" என்று ஆபரேட்டர் அம்மா நடுவில் நுழைவார். அவர் கேட்பது நமக்குத் தெரியும், அதனால் ஜாக்கிரதையாகப் பேசுவோம். தெரியாமல் கேட்பதுதான் பிரச்சினை. அரசியல் தலைவர்களின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த சி.பி.ஐ. அறிக்கை 1991இல் ஒரு பத்திரிகையில் வெளியானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அரசு காட்டியது ஐந்தாம் பிரிவு. முறைகேட்டைத் தடுக்க விதிகள் செய்யலாம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறதே, விதிகள் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. விதிகள் இல்லை. 111 ஆண்டுகளாக யாரும் எழுதவில்லை! வெள்ளைக்காரனை விடுங்கள், சுதந்திரத்துக்குப் பின் அரை நூற்றாண்டில் வந்த எந்த அரசுக்கும் அந்தத் தாளை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் நீதிபதிகளே வழிமுறை எழுதினார்கள்: உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு குழு பரிசீலிக்க வேண்டும். அதுவே பிறகு அரசு விதியாகவும் மாறியது.

1995இல் செல்போனும் பொதுமக்களுக்கான இன்டர்நெட்டும் ஒரு மாத இடைவெளிக்குள் இங்கே வந்தன. இரண்டுக்கும் அதே நாலாம் பிரிவுதான் அடிப்படை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பழைய சொல் இருந்ததால்தான் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றும்வரை காத்திராமல் செல்போன் கம்பெனிகளுக்கு உடனே லைசென்ஸ் கொடுக்க முடிந்தது. பழைய சட்டைக்கும் ஒரு பயன் உண்டு.

ஆனால் சட்டையின் மறு கை எங்கே போய் முடிந்தது என்பதையும் பாருங்கள். 2017 ஆகஸ்டில் அதே தந்திச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்பைத் தற்காலிகமாக நிறுத்த விதிகள் வந்தன. 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இன்டர்நெட் நின்றது. வெளியூரில் படிக்கும் பிள்ளை, ஊரில் இருக்கும் தாய் தகப்பன் நலமாக இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு படம்கூட அனுப்பவோ பெறவோ முடியாத நாட்கள் அவை. 'பொது நெருக்கடி', 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்று 1885இல் தந்திக் கம்பிக்கு எழுதிய அதே சொற்கள்தான் அந்த 2017 விதிகளின் தலைப்பிலேயே இருக்கின்றன. இப்படி நிறுத்தும் உத்தரவுகளை அரசு வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரி 10ஆம் தேதி, காஷ்மீர் தொடர்பான வழக்கில். அதிகாரம் முதலில், பாதுகாப்பு பின்னால். அந்த வரிசை மாறவேயில்லை.

2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டம் என்று புதிய சட்டம் நிறைவேறியது. 1885ஆம் ஆண்டுச் சட்டம், 1933ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டின் இடத்தையும் பிடிப்பதற்காக எழுதியது. ஒரே நாளில் அல்ல, பகுதி பகுதியாக அமலுக்கு வருகிறது. முதல் பகுதி 2024 ஜூன் 26. அதற்கு ஐந்தே நாள் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, ஸ்டீஃபன் வரைந்த சாட்சியச் சட்டமும் விடைபெற்றது!

புதிய சட்டம் கைக்கு வந்தவுடன் நான் முதலில் புரட்டியது இருபதாம் பிரிவு. பழைய ஐந்தாம் பிரிவின் வாரிசு அதுதான். பொது நெருக்கடி, பொதுமக்கள் பாதுகாப்பு இரண்டும் அப்படியே இருக்கின்றன. கூடவே பேரிடர் மேலாண்மையும் சேர்ந்திருக்கிறது. செய்தியை நிறுத்தலாம், இடைமறிக்கலாம், சேவையையே நிறுத்திவைக்கலாம். பாதுகாப்பு முறைகள் விதிகளில் வரும் என்கிறது. இந்தத் தடவை விதிகளுக்கு 111 ஆண்டுகள் ஆகவில்லை, 2024 முடிவதற்குள் வந்துவிட்டன. அந்த மட்டில் 1996 வழக்குக்குப் பலன் உண்டு. உத்தரவு போடுவதும் அரசுச் செயலர், பரிசீலிப்பதும் அரசுச் செயலர்கள் கொண்ட குழு என்பது மட்டும் மாறவில்லை. முன்பு பெற்ற லைசென்ஸ்கள் அவற்றின் காலக்கெடு வரை செல்லும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. ஆகவே இந்த மலரைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, "விழா முடிஞ்சுது, கிளம்பிட்டேன்" என்று சொல்லப் போகிறீர்களே, அந்தக் குரலைச் சுமந்து போகும் கம்பெனி பழைய லைசென்ஸ்காரராக இருந்தால், அதன் பெட்டகத்தில் இருப்பது 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாலாம் பிரிவின்படி தந்தி நடத்தக் கொடுத்த அனுமதிதான்.